ஆமாம் என்றால் ஒரு தட்டு

போன வருடம் ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் நடந்தது இது. இடம், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு குழாய், அவ்வளவுதான் வீடு. அதனால் உள்ளே யார் என்ன பேசினாலும் எல்லார் காதிலும் விழும். பேச்சே இல்லாமல் போனதும் அப்படித்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில், வேலைக்குப் போன இடத்தில். வலது கை விழுந்துவிட்டது. கால் மெல்லத் தேறியது. பேச்சுதான் திரும்பவில்லை. நாக்கில் கோளாறு இல்லை, மூளையில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியுமாம். அவர் நினைப்பதுதான் வெளியே வராதாம். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் அதான். என் அம்மா அந்த ஒரு வார்த்தையின் ஏற்ற இறக்கத்தை வைத்தே முக்கால்வாசியைப் புரிந்துகொண்டார். எனக்குப் பிடிபடவில்லை.

முதல் சில மாதங்களில் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர வாய்ப்பு அதிகம், விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கூட்டிப்போவதும் நடக்கிற காரியமாக இல்லை. அதனால் வீடியோவிலேயே பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் சேர்த்துவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு. ஏதோ ஒரு அறக்கட்டளையின் உதவியாம், இலவசம். இலவசம் என்று சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். டிப்ளமோ படித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பெட்டி சாமான் வந்தால், இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே கதைதான். எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படிப்பேன், நான்தான் கேள்வி கேட்பேன், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்வேன்.

முதல் நாள் ஒரு லிங்க் வந்தது. எங்கள் செக்‌ஷனில் ஒருவர் இப்படி ஒரு லிங்க்கைத் தொட்டு ஏமாந்தவர். நான் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போன் செய்து, இந்தப் பெயரில் இப்படி ஒருவர் உண்மையாகவே இருக்கிறாரா என்று கேட்டேன். இரண்டாவது முறை அந்த நர்ஸ் சலித்துக்கொண்டார். அதன் பிறகே வீடியோவைத் திறந்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் தெரிந்தார். பேச்சில் தென்மாவட்டத்து வாடை. பின்னால் சுவர், ஜன்னல் எதுவும் தெரியாமல் மங்கலாக்கி வைத்திருந்தார். ஏன் மறைக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார். அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, முத்திரையைப் பார்த்தேன்.

அடுத்து ஒரு படிவம் அனுப்பினார். அதைப் பார்த்ததும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது. அப்பா எந்தத் தட்டில் சாப்பிடுவார், வீட்டுக்கு யார் யார் வருவார்கள், யாரோடு அதிகம் பேசுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார், எதற்குச் சிரிப்பார் என்றெல்லாம் கேள்வி. வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். திருட வருகிறவன் கேட்பதைப் போல இருக்கிறதே என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நம்ப ஊட்ல இன்னா கீதுன்னு திருட வராங்க, நைனா? அந்த ஓட்ட பீரோவா?" என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு ஒயுங்காதான் பேசுது. நீ எய்திக் குடு."

பீரோ தெரியாத மாதிரி வெட்டித்தான் படங்களை அனுப்பினேன்.

அந்தப் படிவத்தில் அப்பாவின் வேலை பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. என்ன வேலை, அங்கே தினமும் கையாளும் பொருள்கள், அவற்றின் படங்கள். பயிற்சியை அந்தப் பொருள்களை வைத்துத்தான் அமைப்பேன், பல வருடம் புழங்கிய வார்த்தைகள்தான் முதலில் திரும்பும் என்று அவர் விளக்கமாகவே சொல்லியிருந்தார். அப்பா உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அங்கே நான் எழுதியது, மெஷின் ஆபரேட்டர். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவத்திலும் அதைத்தான் எழுதி வருகிறேன். கை தானாக எழுதிவிட்டது. படம் வேண்டுமே? மறுநாள் எங்கள் கம்பெனி ஷெட்டிலேயே லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பானர் என்று ஐந்து படம் எடுத்து அனுப்பினேன். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பயிற்சி தொடங்கியது. அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டுவார். வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டுவார். அப்பாவின் இடது கையால் மேஜையில் தாளம் தட்டச் சொல்வார். ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. சோ-று. தண்-ணி. பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல இருந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், மேஜையைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார். கடைசியில் "அதான்" என்பார். எனக்குத் தாங்காது. லேத் படம் வந்தால் நானே பக்கத்திலிருந்து "லே, லே" என்று எடுத்துக் கொடுப்பேன். அப்பா என் முகத்தைப் பார்ப்பார். பிறகு படத்தைப் பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்துகொள்வார்.

"தம்பி, நீங்க சொல்லாதீங்க. அய்யா சொல்லட்டும். அவசரமே இல்ல" என்பார் அந்தப் பெண்.

அவசரமில்லாமல் எப்படி? நாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு வாரம் முடிந்து ஒரு அறிக்கை அனுப்பினார். வீட்டுப் பொருள்களில் மூன்று வார்த்தைகளுக்கு அப்பா வாயசைவு வரை வந்திருந்தார். வேலை சார்ந்த படங்களில் ஒன்றுகூட இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தாலே அடையாளம் தெரியாதது போல இருக்கிறது, புரிந்துகொள்வதிலும் பாதிப்பு இருக்கலாம் என்று எழுதியிருந்தார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்குள் மாற்றம் இல்லையென்றால், படங்கள் ஒட்டிய பலகை ஒன்றை விரலால் காட்டித் தேவைகளைச் சொல்லப் பழக்குவோம் என்றும் இருந்தது.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்குப் புரியவில்லையா? இவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை, அந்தப் பழியை அப்பா மீது போடுகிறார் என்றே நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அப்பா பலகையில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

இன்னொருவர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர். அப்பா விழுந்த அன்று கூட இருந்தவர் அவர்தான். விழுந்தது காலை ஒன்பது மணி. ஆஸ்பத்திரியில் சேர்த்தது பதினொன்றரை. அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போனது? வேலையை முடித்துவிட்டுக் கூட்டி வந்தாரா, இல்லை இருவரும் குடித்திருந்தார்களா என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. நேரில் கேட்கவில்லை. அவர் அப்பாவைப் பார்க்க நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும், டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று வாசலிலேயே பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வாங்கி வந்த சாத்துக்குடியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்.

ஐந்தாவது வாரம் அந்தப் பெண் என்னிடம், "இனிமே நடக்கிற செஷன்ல நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்க முடியுமா?" என்று கேட்டார். ஏன் என்றேன். அப்பா ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் என் முகத்தைப் பார்க்கிறார் என்றார்.

சரி என்றேன். ஆனால் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பேச முடியாத மனிதரோடு தனியாக இருந்து என்ன செய்யப் போகிறார்? பேருக்கு உட்கார்ந்துவிட்டு நேரத்தைக் கணக்குக் காட்டுகிறாரா? என் பழைய போன் ஒன்று இருந்தது. அதில் ரெக்கார்டிங்கைப் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெளியே போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா குழாயடியில் இருந்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக் கேட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற தெம்பு இருந்தது.

முதலில் வணக்கம், சாப்பிட்டீங்களா, கை வலிக்குதா. ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணினார்கள். அப்பாவின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னார்:

"அய்யா, இன்னிக்கு பேச வேண்டாம். நான் கேக்குறதுக்குத் தட்டுனா போதும். ஆமான்னா ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு. உங்களுக்குப் புரியுதான்னு பாக்க முதல்ல சும்மா ரெண்டு கேள்வி. உங்களுக்கு நாப்பது பிள்ளைகளா?"

டக், டக்.

"ஒரே பையனா?"

டக்.

"நல்லது. இப்ப இந்தப் படம். இது நீங்க தினமும் தொட்ட மெஷினா?"

டக், டக்.

அடுத்த படம். டக், டக். அடுத்தது. டக், டக். ஐந்து படத்துக்கும் பத்துத் தட்டு. எதிலும் தயக்கம் இல்லை.

"நீங்க வேல பாத்தது கம்பெனிக்கு உள்ளயா?"

டக், டக்.

"வெளியிலயா?"

டக்.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப, தம்பி எழுதிக் குடுத்தது தப்பா, அய்யா?"

நான் போனை எடுத்து, ரெக்கார்டிங் நின்றுவிட்டதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு வந்தது.

டக், டக்.

அவரும் நம்பவில்லை போலிருக்கிறது. கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

"தம்பி எழுதினதுதான் சரியா?"

டக். இந்தத் தட்டு மற்ற எல்லாவற்றையும்விட ஓங்கி விழுந்தது. காதில் வலித்தது.

"சரிங்க அய்யா" என்றார் அந்தப் பெண். "இன்னிக்கு இது போதும்."

நான் அங்கேயே நின்றேன். அளவு பார்ப்பவன் நான். சரியான பதிலுக்கும் தப்பான பதிலுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. பத்துத் தட்டையும் சரியாகத் தட்டிய மனிதர், தெரிந்தே ஒரே இடத்தில் மாற்றித் தட்டியிருக்கிறார். மகன் எழுதியது தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு அவர் கொடுக்கத் தயாராக இருந்தது, அவருடைய பேச்சை.

இப்போது சொல்கிறேன். அப்பா வேலை பார்த்தது கழிவுநீர் லாரியில். எங்கள் பக்கத்தில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் நிறைய. வீட்டுத் தொட்டி நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவார்கள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவார். மூடியைத் திறப்பது, தொட்டிக்குள் ஓஸ் குழாயைப் போடுவது, மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவது, கழுவிவிட்டு மூடுவது எல்லாம் அப்பா. ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து அப்பாவின் வேலையைச் சொல்லச் சொன்னபோது, நான் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "மோட்டார் ஓட்றேன் இல்ல? அதுவும் மிஷினுதான். அப்டியே எய்திக்கோ" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன், பதினாறு வருடம்.

ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரெக்கார்ட் செய்ததையும் சேர்த்து. வேலையைப் பற்றிச் சொன்னதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்ட் செய்ததற்குத்தான் கோபப்பட்டார். "அது என்கிட்ட கேக்காம செஞ்சதுகூடப் பரவால்ல. அய்யாகிட்ட கேக்காம செஞ்சிருக்கீங்க. அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். பிறகு, அப்பா அந்த வண்டியில் காலையில் ஏறியதிலிருந்து என்னென்ன செய்வார், எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

ஓஸ் என்றேன். மோட்டார் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் படிக்க வைத்த வேலை அது. அதன் சாமான்களில் மூன்றாவதற்குப் பெயர் சொல்ல முடியாமல் நின்றேன். தெரிந்தவர் ஒருவர்தான். நான்கு தடவை நான் வாசலிலிருந்து அனுப்பியவர்.

திருமுல்லைவாயில் போகிற வழியில் ஒரு காலி மனையில்தான் அந்த லாரிகள் நிற்கும். சனிக்கிழமை மாலை ஷிஃப்ட் முடிந்து அங்கே போனேன். டிரைவர் டயரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

"இன்னா தம்பி, டாக்டரு பெர்மிசன் குடுத்துட்டாரா?"

நான் பொய் சொன்னேன் மாமா என்றேன். அது தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்தபின் குழாயை மூடிவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி ரெண்டு மணி நேரம் இவன் இன்னா பண்ணிகினு இருந்தான்னுதான நீ மனசுல வச்சிகினு கீற? சொல்றேன், கேட்டுக்கோ. ஓஸ் புடிச்சிகினு இருந்தவன் அப்டியே குந்திட்டான். துணியெல்லாம் சாக்கடத் தண்ணி. ஆட்டோவ நிறுத்தறேன், நிறுத்தறேன், பாத்துட்டுப் பூட்றான். ஆம்புலன்சு வர வழியில மாட்டிகினு கீதுன்றான். சரின்னு நம்ப வண்டியிலயே தூக்கிப் போட்டுகினு போனேன். மொதல்ல பூந்த ஆஸ்பத்திரில கேட்டாண்டயே நிறுத்திட்டான், இந்த வண்டி உள்ள வரக்கூடாதுன்னு. தோள்ல போட்டுகினு நடந்தேன். உள்ள போனா, இங்க ஸ்கேன் இல்ல, வேற எடம் போன்றான். அப்பால இன்னொரு எடம். போதுமா?"

அவரே எழுந்து, வண்டியைச் சுற்றி என்னைக் கூட்டிப்போனார். ஒவ்வொன்றையும் கையால் தட்டித் தட்டிப் பெயர் சொன்னார். மூடியை நெம்புகிற கடப்பாறை, ஓஸ் நுனியில் கட்டும் சாக்கு, வால்வு, பிளீச்சிங் பவுடர் டப்பா. தொட்டி காலியாகும்போது மோட்டார் சத்தம் மாறுமாம், அதை அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாராம். எல்லாவற்றையும் படம் பிடித்தேன். அந்தப் பக்கத்துச் சந்துகளில் வண்டியைப் பின்னால் எடுக்க அப்பாவைவிட்டால் ஆளில்லை என்றும் சொன்னார். "நான் கண்ணாடியப் பாத்து எட்டு வருசம் ஆவுது. அவன் கொரலக் கேட்டுதான் ஓட்டுவேன்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடம் உட்கார்ந்து, ரெக்கார்ட் செய்ததைச் சொன்னேன். படிவத்தைச் சரியாக எழுதி அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். அப்பா வெகு நேரம் என்னைப் பார்த்தார். "அதான்" என்றார். அது எந்த அதான் என்று அம்மாவைக் கேட்டேன். "அத்தெல்லாம் கேக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா சோறு போடப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிரைவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவின் கண் அவரைவிட்டு நகரவில்லை. அந்தப் பெண் போனில் புதுப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். டிரைவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "யம்மா, படம் இன்னாத்துக்கு? நாங்க ரெண்டு பேரும் வண்டியே எடுத்துக் காட்றோம்" என்றார்.

எனக்கு மறுபடி சந்தேகம். இது என்ன கூத்து என்று தடுக்கப் போனேன். அந்தப் பெண் திரையிலிருந்தே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியை அறையின் நடுவில் போட்டு, அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அம்மாவிடம் ஒரு சாப்பாட்டுத் தட்டை வாங்கி, ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டார். அப்பா கட்டிலில், பீரோவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். டிரைவர் வாயாலேயே கியர் போட்டு, "மச்சான், சந்து சின்னது. பின்னால பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர ஆரம்பித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்பாவின் இடது கை எழுந்தது. பீரோவின் மேல் விழுந்தது. தட். தட். தட். ஐந்து வாரமாக மேஜையில் தட்டிய அதே தாளம். ஆனால் லாரியின் பக்கவாட்டுத் தகரத்தில் அவர் வருடக்கணக்காகத் தட்டியது அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வா" என்றார் அப்பா. "வா. வா. வா."

நாற்காலி நகர்ந்துகொண்டே இருந்தது. "ரைட்டு ஒடி. ஒடி, ஒடி. வா, வா." நாற்காலியின் பின்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. டிரைவர் நிறுத்தவில்லை. அப்பா பீரோவில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"ஓல்டான்!"

டிரைவர் நிறுத்தினார். தட்டைப் பிடித்தபடியே இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது. அப்பா அவர் முதுகில் கையை வைத்து, "அதான்" என்றார்.

அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நான் போனைக் கையில் எடுத்து, பேச்சு வந்துவிட்டதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. "இது பழகின வாய் தானா சொல்றது, தம்பி. கேள்விக்குப் பதில் இன்னும் வரல. ஆனா இதை வச்சு ஒவ்வொண்ணா பிரிச்சு எடுக்கலாம். பலகையை இப்போதைக்கு மறந்திருவோம்" என்றார். அவர் கண்ணும் பளபளத்தது. போன் வெளிச்சமாகக்கூட இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவான வேலை. டிரைவர் வாரம் ஒரு நாளாவது வருவார். அந்தத் தாளத்திலேயே "தண்ணி வா", "சோறு வா" என்று பழக்கினார் அந்தப் பெண். ஒரு மாதத்தில் தண்ணியும் சோறும் தனியாக வந்தன. ஓஸ் வந்தது. மூடி வந்தது. அம்மாவின் பெயர் வந்த அன்று, அம்மா கேட்காத மாதிரி இருந்துவிட்டு இரண்டாம் தடவை சொல்ல வைத்தார். வராத வார்த்தைகள்தான் இன்னும் அதிகம். சில நாள் வந்ததும் ஓடிவிடும்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். புது டாக்டர். காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். இந்தத் தடவை உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்ற பெருமையோடு நான் வாயைத் திறந்தேன்.

மேஜையில் ஒரு அடி விழுந்தது. "ஓல்டான்" என்றார் அப்பா. டாக்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து.

அது தானாக வந்த வார்த்தை இல்லை. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட ஆளிடம், அவரே எடுத்துப் போட்ட வார்த்தை. நான் வாயை மூடினேன். டாக்டரும் பேனாவைக் கீழே வைத்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள்.

"லாரி" என்றார். பிறகு வெகு நேரம் கழித்து, "ஓஸ்... நானு."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இன்றைக்கும் அப்பா ஒரு வார்த்தையைத் தேடித் திணறும்போது, அது எனக்குத் தெரிந்தது போலவே இருக்கும், என் நாக்கு நுனி வரை வந்தும் நிற்கும். ஆனாலும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கிறேன், ஏனென்றால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும் என்கிற அந்த நினைப்பைத்தான் இப்போதெல்லாம் நான் முதலில் சந்தேகப்படுகிறேன்.